பிரேக் போட்டால் வரும் காசு

அந்தக் காரில் விஜயபாஸ்கர் முதலில் பார்த்தது இன்ஜினையோ டயரையோ அல்ல. முன் கண்ணாடியின் உள்பக்கம், மேலே, நட்டநடுவில் சந்தனம் வைத்து ஒட்டியிருந்த ஒரு காசைத்தான் பார்த்தார்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத்து ஆகஸ்ட் மாதம். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு யார்டு. அமெரிக்காவில் அடிபட்ட கார்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, தேறுகிறதைத் தட்டி நிமிர்த்தி விற்பார்கள். தேறாததைக் கழற்றி பார்ட்ஸ் ஆக்குவார்கள். மிச்சம் இருப்பதை பிரஸ்ஸில் போட்டு அமுக்கிக் கட்டியாக்கிவிடுவார்கள். அமெரிக்கன் ஸ்பெக், அதாவது அமெரிக்காவுக்கென்று செய்த வண்டி என்றால் விலை பாதிதான். ஏன் பாதி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வாடகை குறைவு என்று அஜ்மானில் குடியிருந்துகொண்டு, தினமும் துபாய் அல் கூஸ் வரைக்கும் வேலைக்குப் போய்வருகிற விஜயபாஸ்கருக்கு அந்தப் பாதி விலைதான் கட்டுப்படியாகும்.

வண்டியைக் காட்டிக்கொண்டிருந்த ஹபீப் முகம்மது கீழக்கரைக்காரர். அந்த யார்டில் விற்பனையெல்லாம் அவர் கையில்தான்.

"சார், வண்டியப் பாருங்க சார். காசையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"இது அஞ்சு சென்ட்டு பாய். அமெரிக்கா காசு."

"அமெரிக்கா வண்டியில அமெரிக்கா காசு இல்லாம நம்மூரு நாலணாவா இருக்கும்?"

"சந்தனம் வச்சு ஒட்டியிருக்கு. பூஜை கீஜை போட்டீங்களா?"

ஹபீப் முகம்மது சிரித்தார். "நான் எங்க சார் பூஜை போட? நம்ம சோலைமுத்துதான் இந்த வண்டிக்கு வேலை பாத்தான். பரமக்குடிப் பய. அவன் ஏதாச்சும் பண்ணியிருப்பான். உங்காளுங்க பழக்கம் உங்களுக்குத்தானே தெரியும்."

சோலைமுத்து கொஞ்சம் தள்ளி ஒரு கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையில் ஸ்பானரோடு நிமிர்ந்து விஜயபாஸ்கரைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஹபீப் முகம்மது, "டேய், சாருக்கு ஒரு சாயா சொல்லுடா, யல்லா" என்று அவனை விரட்டிவிட்டார்.

விஜயபாஸ்கர் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். லென்ஸ் எப்போதும் பையில் இருக்கும். அலுமினியக் கம்பெனி ஒன்றில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், கீறல் பார்க்க அது வேண்டும். ஆனால் அதைக்கொண்டு அவர் அதிகம் பார்த்தது அமெரிக்க நிக்கல் காசுகளைத்தான். அஞ்சு சென்ட் காசை அந்த ஊரில் நிக்கல் என்றுதான் சொல்வார்கள். வளைகுடாவில் அந்தக் காசுக்குப் பஞ்சமே இல்லை. எக்ஸ்சேஞ்சுக் கடைக்காரன் நோட்டை மாற்றுவான், வெளிநாட்டுச் சில்லறையைத் தொடமாட்டான். அதனால் கப்பல்காரர்களும் ஆயில் கம்பெனி வெள்ளைக்காரர்களும் விட்டுப்போன சில்லறையெல்லாம் ஆபீஸ் டிராயர்களிலும் ஹோட்டல் கல்லாக்களிலும் சும்மா கிடக்கும். கேட்டால் யாரும் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கேட்டு வாங்கியே அவர் வீட்டில் ஆல்பம் ஆல்பமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

காசை எடைபோடுவதற்கு ஒரு முறை உண்டு. விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. வருஷம் பார்க்க வேண்டும். எந்த ஊரில் அடித்தது என்று சொல்லும் ஒற்றை எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பின்பக்கத்து மாளிகையின் படிக்கட்டு தேயாமல் கோடுகோடாகத் தெரிந்தால் அந்தக் காசுக்கு மதிப்பு கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுவவே கூடாது. ஒருமுறை மனைவி ராதிகா வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்து எருமைப் படம் போட்ட ஒரு பழைய நிக்கல் காசையும் புளிபோட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டாள். விஜயபாஸ்கர் அவளோடு பேசவே கொஞ்ச நாளாயிற்று.

கண்ணாடியில் இருந்த காசில் மாளிகையின் கூரைக்கு மேலே பெரிதாக ஒரு P தெரிந்தது. உலக யுத்தத்தின்போது நிக்கல் உலோகம் சண்டைக்குத் தேவைப்பட்டதால் வெள்ளி கலந்து அடித்த காசு அது. பெரிய விலை என்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு தேயாமல் அவர் பார்த்ததில்லை. படிக்கட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

அந்த இடத்திலேயே வண்டியை விலை பேசி முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ராதிகாவிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே நகத்தால் நெம்பிக் காசை எடுத்துவிட்டார். சந்தனம் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. மேஜையில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். வெள்ளி கலந்த காசுக்கு ஒரு சத்தம் உண்டு, மற்றதைவிட நீளமாக இழுக்கும். அது அப்படித்தான் இழுத்தது. கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தது என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் அல் இத்திஹாத் ரோட்டில் காலை டிராஃபிக்கில் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் போனவன் சட்டென்று நிறுத்தினான். விஜயபாஸ்கரும் பிரேக்கை மிதித்தார். சீட்டுக்கு அடியில் ஏதோ உருண்டுவந்து அவருடைய ஷூவில் முட்டிச் சாய்ந்தது.

அல் கூஸில் வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து எடுத்தார். எருமைக் காசு. ஒரு பக்கம் செவ்விந்தியன் முகம், மறுபக்கம் எருமை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டோடு அடிப்பதை நிறுத்திய காசு. அதில் வருஷம் இருக்கும் இடம்தான் முதலில் தேய்ந்துபோகும், இதிலும் தேய்ந்திருந்தது. காசு லேசாகச் சுட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்த வண்டியில், காலடியில் கிடந்த காசு, யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் மூடிவைத்திருந்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

செத்தவனோ பிழைத்தவனோ, இந்த வண்டியை ஓட்டியவனும் தன்னைப்போல ஒரு காசுப் பைத்தியம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அடிபட்டபோது பை கிழிந்து சீட்டுக்கு அடியில் சிதறியிருக்கும். அந்த வெள்ளிக்கிழமை முழுக்க சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, டார்ச் அடித்துத் தேடினார். ஒரு ஹேர்பின்கூட இல்லை. யார்டுக்காரன் நன்றாகத்தான் துடைத்திருந்தான்.

சனிக்கிழமை காலை பிரேக் போட்டார். காசு வந்தது.

இந்த முறை வருஷம் தெளிவாகத் தெரிந்த எருமைக் காசு.

அதன்பிறகு என்ன நடந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக்கூடியதாகவும் அது இல்லை. மெதுவாக பிரேக் போட்டால் சாதாரணக் காசு வரும். அழுத்திப் போட்டால் பழைய காசு வரும். டயர் கிறீச்சிடுகிற மாதிரி போட்டால் இன்னும் பழையது. சிக்னலில் நிற்கும்போது வராது, ரோட்டில் ஓடும்போது போட்டால்தான் வரும். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நாள் ஆகவில்லை. கண்டுபிடித்த பிறகு கால் சும்மா இருக்கவில்லை. காலியான ரோடாகப் பார்த்துப் போட்டார். பிறகு அவ்வளவு காலியில்லாத ரோட்டிலும் போட்டார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து, கையை நீட்டி அரபியிலும் மலையாளத்திலும் திட்டிக்கொண்டு போனார்கள். விஜயபாஸ்கர் குனிந்து காலடியில் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் எமிரேட்ஸ் ரோட்டில் நல்ல வேகத்தில் மிதித்தார். வண்டி குறுக்கே திரும்பி மணலோரம் போய் நின்றது. வந்த காசில் ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் ரோமன் எழுத்தில் ஐந்து. ஆயிரத்து தொள்ளாயிரத்துக்கும் முந்தையது. படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். நேற்று அடித்த மாதிரி மினுங்கியது. அதுவும் சுட்டது, முந்தினதைவிட அதிகமாக.

அவருக்கு பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணமும் உட்கார்ந்திருந்தது. இதற்கும் முந்தையது ஒன்று இருக்கிறது, கேடயம் போட்ட காசு. அதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

"ஏங்க, வண்டியில பிரேக் சரியில்லையா?" என்று ராதிகா கேட்டாள். "மூணாவது மாடிலேர்ந்து பாக்கறேன், பார்க்கிங்ல நுழையறப்பகூட குதிச்சுக் குதிச்சு வர்றீங்க."

"பழைய வண்டில்ல. பழகிடும்."

"வண்டிக்கா, உங்களுக்கா?"

ராதிகா மாயவரத்துக்காரி. எதையும் பட்டென்று கேட்டுவிடுவாள், பதில் வரும்வரை காத்திருக்கமாட்டாள்.

மறு வெள்ளிக்கிழமை பர் துபாய் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பினார்கள். டவுன் வழியாகப் போயிருக்கலாம். விஜயபாஸ்கர் எமிரேட்ஸ் ரோட்டில் ஏறினார்.

"இது சுத்து வழியாச்சே" என்றாள்.

"காலியா இருக்கும்."

வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மணலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே தெரியவில்லை. ராதிகா மடியில் பூப்பையை வைத்துக்கொண்டு, ஊரில் தங்கைக்கு வரன் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விஜயபாஸ்கர் ம் கொட்டினார். அவருடைய கால் ஆக்ஸிலரேட்டரில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மிதிப்பது தான்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எடுக்க வேண்டும் என்ற நினைப்பு வரவில்லை. சீட்டுக்கு அடியில் காசு அசையும் சத்தம் கேட்டது. இன்னும் பிரேக் போடவே இல்லை, அதற்குள் கலகலவென்று, பொறுமையில்லாமல் அசைந்தது.

பிரேக்கை மிதித்தார்.

ராதிகா முன்னால் போய் டேஷ்போர்டில் கையை ஊன்றி, பெல்ட் இழுத்துப் பின்னால் விழுந்தாள். பூ சிதறியது. வண்டி அரைவட்டம் சுற்றியது. பின்னால் வந்த ஜல்லி லாரி ஹாரனை அமுக்கியபடியே, ஒரு கை தூரத்தில், அவர்களைத் தாண்டிப் போயிற்று. அதன் காற்றில் வண்டியே ஆடியது.

விஜயபாஸ்கர் குனிந்தார். கேடயக் காசுதான். ஷூவுக்குப் பக்கத்தில் நின்றவாக்கில் சுழன்றுகொண்டிருந்தது. விழவே இல்லை. அவர் கையை நீட்டினார்.

"என்ன பண்றீங்க?"

நிமிர்ந்தார். ராதிகாவின் நெற்றியில் டேஷ்போர்டு பட்டுச் சிவந்திருந்தது. அவள் அழவில்லை. அவருடைய நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரி போயிருச்சு. நான் இருக்கேனா இல்லையான்னு நீங்க பாக்கல. கீழ பாத்தீங்க."

காசு சுழல்வதை நிறுத்திச் சாய்ந்தது. அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது.

அவர் வண்டியை ஓரம் கட்டியதும், கதவைத் திறந்து இறங்கி நின்றுகொண்டுதான் அவள் மேற்கொண்டு பேசினாள். மறுபடி உள்ளே ஏறமாட்டேன் என்றுவிட்டாள். அந்த வெயிலில், ரோட்டோரத்தில், அவர் எல்லாவற்றையும் சொன்னார். கையில் இருந்த காசைக் காட்டினார். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"இது ஏன் இப்படி சுடுது?"

"எல்லாமே அப்படித்தான் வருது."

"முதக் காசு எங்க இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"கண்ணாடியில. நடுவுல. சந்தனம் வச்சு ஒட்டியிருந்துச்சு. புது வண்டின்னு பூஜை போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"குங்குமம் வச்சிருந்தாங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்ல."

"எலுமிச்சம்பழம்? பூ?"

"இல்ல."

"சந்தனத்துல காசு. நடு நெத்தியில." அவள் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். "ஏங்க, பூஜை போட்ட வண்டியில யாராவது காச ஒட்டிப் பாத்திருக்கீங்களா? காசு எங்க ஒட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க அப்பாவுக்கு நீங்கதானே ஒட்டுனீங்க?"

விஜயபாஸ்கருக்கு அந்த வெயிலில் குளிரெடுத்தது. பாடை கட்டிக் கிளம்புமுன் நெற்றியில் சந்தனத்தை அப்பி, அதில் ஒரு ரூபாய்க் காசைப் பதித்தது அவருடைய கட்டைவிரல்தான். இத்தனை நாளும் அது அவருக்கு நினைவே வரவில்லை. காசைப் பார்த்ததும் அவர் பார்த்தது கூரைக்கு மேலே இருந்த எழுத்தை.

ரெக்கவரி வண்டிக்கு போன் செய்தார்கள். அதில் காரை ஏற்றி, பின்னால் டாக்ஸியில் இருவரும் யார்டுக்குப் போனார்கள். ஜும்மா தொழுகை முடிந்த நேரம். பாதி ஆட்கள் ரூமுக்குப் போயிருந்தார்கள். அடிபட்ட கார்கள் வரிசை வரிசையாக, கண்ணாடி இல்லாமல், கதவு இல்லாமல் வெயிலில் நின்றன. அவற்றின் நிழலில் சோலைமுத்து பேப்பரை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காரை இறக்குவதைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"காச எடுத்துட்டீங்களா சார்?" என்றான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏன்யா ஒட்டுன?"

"இந்த வண்டி வந்து இறங்குனப்போ டிரைவர் சீட்டு பெல்ட்ட அறுத்திருந்தாங்க சார். உசுரோட இருக்கறவன பட்டன அமுக்கித்தானே எறக்குவாங்க, எதுக்கு அறுக்கணும்? எனக்கு அப்படித் தோணுச்சு, அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில அந்த ஒத்தக் காசு கெடந்துச்சு. யாரு பெத்த புள்ளையோ, அவங்க ஊர்ல நெத்திக்காசு வைக்கிற பழக்கம் இருக்காதுன்னு நானே வச்சேன். பிரஸ்ஸுக்குப் போற வண்டின்னுதான் அபீப் பாய் மொதல்ல சொன்னாரு. பெறகு தேறும்னு சொல்லி, வேற பெல்ட்ட மாட்டி பெயிண்டுக்கு அனுப்பிட்டாரு."

"அப்பவாவது எடுத்திருக்கலாம்ல?"

"வச்ச காச நான் எப்படி சார் எடுக்கறது? நம்மூரு ஆளு யாராச்சும் வந்தா பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டுப் போயிருவாங்கன்னு இருந்தேன். நீங்க என்னடான்னா லென்ச வச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

அதற்குள் ஹபீப் முகம்மது தொப்பியைக் கழற்றி மடித்தபடி வந்துவிட்டார். விஷயம் முழுவதையும் அவர் கேட்கவில்லை, கேட்கவும் விரும்பவில்லை. "சார், உங்களுக்கு வண்டி புடிக்கல, அவ்வளவுதானே? எதுக்கு மனசக் கொழப்பிக்கிறீங்க? மஸ்கட்டுல ரூவியில ஒரு பார்ட்டி இதே மாடல் கேட்டுக்கிட்டு இருக்கு. நாளைக்கே தள்ளி உட்டுரலாம். குடுத்த காசு அப்படியே திரும்ப வந்துரும். கலாஸ், அத்தோட முடிஞ்சுது."

விஜயபாஸ்கர் காரைப் பார்த்தார். நஷ்டமில்லாமல் கை கழுவ ஒரு வழி. தலையாட்டப் போனார்.

"ரூவியில யாரோட பொண்டாட்டி பக்கத்து சீட்டுல உக்காரப் போறாளோ" என்றாள் ராதிகா. அவருக்குச் சொன்ன மாதிரி இல்லை, பொதுவாகச் சொன்னாள். பிறகு சோலைமுத்துவிடம் திரும்பினாள். "தம்பி, உங்க ஊர்ல நெத்திக்காச கடைசியில யாரு எடுப்பாங்க?"

"சுடுகாட்டுல வெட்டியான் எடுத்துக்குவாருக்கா. அது அவரு கூலி."

"எரிச்சு முடிச்ச பிறகா?"

"அதுக்கு முன்னாடியேதான். எடுத்துட்டாருன்னா வேலைய அவருதான் முடிக்கணும். பாதியில போக முடியாது."

ராதிகா கணவரைப் பார்த்தாள். "கூலி வாங்கிட்டீங்க."

"என்ன ராதி பேசற. நான் என்ன..."

"சொல்லுங்க, நீங்க என்ன? எங்கப்பாவுக்கு அந்த வேலையச் செஞ்சவர் மழையில நனைஞ்சுக்கிட்டு விடியற வரைக்கும் நின்னு செஞ்சாராம். நீங்க காச வாங்கி ஆல்பத்துல சொருகிட்டு வந்துட்டீங்க. அது வேலைய முடி, வேலைய முடின்னு கூடக் கூடக் குடுத்துக்கிட்டே இருக்கு. நீங்களும் வாங்கிக்கிட்டே இருக்கீங்க."

ஹபீப் முகம்மது தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

சோலைமுத்துதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "எனக்கு இதெல்லாம் நிச்சயமாத் தெரியாது சார். ஆனா அக்கா சொல்றது சரின்னுதான் படுது. நீங்களே உங்க கையால பிரஸ்ஸுல போட்டு முடிச்சிட்டா, இதுவரைக்கும் வந்தது உங்க கூலி, வச்சுக்கலாம். ஆனா முடிச்ச பெறகு ஒத்தக் காசு வந்தாலும் தொட்டுறாதீங்க. அது அடுத்த வேலைக்கு அட்வான்ஸ்."

கம்பெனி லோனில் வாங்கிய வண்டி. அது இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு விடியுமுன் எழுந்து பஸ்தான். விஜயபாஸ்கர் அதை நினைத்தார். ராதிகாவின் நெற்றியில் சிவப்பு இப்போது நீலமாக மாறத் தொடங்கியிருந்தது. அதையும் பார்த்தார்.

"பிரஸ்ஸுக்கு யாரக் கேக்கணும் பாய்?" என்றார்.

நம்பர் பிளேட்டைக் கழற்றி, பேப்பர் வேலையெல்லாம் முடித்து வருவதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அதுவரை கார் யார்டிலேயே வெயிலில் நின்றது. யாரும் அதன் கதவைத் திறக்கவில்லை. அதன் பக்கத்தில் நிழல் இருந்தும் சோலைமுத்து வேறிடத்தில் போய்ச் சாப்பிட்டான்.

அன்றைக்கு ராதிகா கேட் வரைக்கும்தான் வந்தாள்.

"உள்ள வரல. இந்த மாதிரி வேலைக்கு எங்க வீட்டுல பொம்பளைங்க வர்றதில்ல" என்றாள். சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது. "முடிச்சிட்டு திரும்பிப் பாக்காம வாங்க. நான் இங்கயே நிக்கறேன்."

பிரஸ் யார்டின் கடைசியில் இருந்தது. ஒரு பட்டான் ஆபரேட்டர் லோடரில் காரைத் தூக்கிவந்து, திறந்திருந்த இரும்புப் பெட்டிக்குள் இறக்கினான். இறங்கும்போது டிரைவர் பக்கத்து ஜன்னல் விஜயபாஸ்கருக்கு நேராகத் திரும்பியது. சீட் காலி. ஆனால் பெல்ட் போட்டிருந்தது. தோளிலிருந்து இடுப்புக்கு, உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிற அளவுக்கு முன்னால் புடைத்து, இறுக்கமாக நின்றது. ரெக்கவரிக்காரன் ஏற்றிய அன்றைக்கு அவரே கழற்றிவிட்டது அது.

சோலைமுத்துவும் பார்த்தான். லீவரைக் காட்டினான்.

"ஜல்தி, பாய்" என்றான் பட்டான். அவனுக்கு வேறு வண்டிகள் இருந்தன.

விஜயபாஸ்கர் லீவரில் கை வைத்தார். வெயிலில் காய்ந்த இரும்பு, சுட வேண்டும். ஜில்லென்று இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஆளின் பெயர் தெரியாது, மதம் தெரியாது, எந்த ஊர் ரோட்டில், தன்னைப்போல எதற்காகக் குனிந்து செத்தான் என்று தெரியாது. "நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்கப்பா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இழுத்தார்.

மேல்தட்டு இறங்கியது. கூரை உட்கார்ந்தது, கதவுகள் மடங்கின, மிச்சமிருந்த கண்ணாடி பொரிந்தது. ஹாரன் ஒருமுறை, சின்னதாக, பாட்டரியே இல்லாத வண்டியிலிருந்து ஒலித்து அடங்கியது. பாதியில் கையை எடுக்கலாம் என்று தோன்றியது. எடுக்கவில்லை. தட்டு போய் முட்டி, பிரஸ் பெருமூச்சு விட்டமாதிரி காற்றை விட்டு நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

பத்தடி போயிருக்கமாட்டார். பின்னால் காசு கொட்டியது.

முதலில் ஒன்றிரண்டு. பிறகு சாக்கைக் கவிழ்த்த மாதிரி. சிமெண்ட் தரையில் விழுந்து, குதித்து, உருண்டு, ஒன்றன்மேல் ஒன்று விழுகிற சத்தம். இருபது வருஷமாகக் காசுச் சத்தம் கேட்ட காது அவருக்கு. இது வெள்ளி கலந்தது, இது எருமை, இது பெண் தலை என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தது. நடுவில் அவர் எப்போதும் கேட்டிராத ஒரு சத்தமும் இருந்தது. மெல்லிசாக, நீளமாக, விட்டு விட்டு. எந்த ஆல்பத்திலும் இல்லாத காசு அது. கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. கால் நின்றுவிட்டது.

தூரத்தில், கேட்டில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ராதிகா நின்றிருந்தாள். அவளுடைய முகம் சரியாகத் தெரியவில்லை. வெயில் அப்படி. முகம் தெரிகிற தூரத்துக்குப் போய்விட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தார். சத்தம் கூடவே வந்தது. ஒரு காசு கூட்டத்திலிருந்து பிரிந்து, அவருக்குப் பின்னால் உருண்டு, பக்கத்தில் வந்து, முந்திப் போய், அவருடைய ஷூவுக்கு நேர் முன்னால் சுற்றிச் சுற்றிச் சாய்ந்தது. தலை விழுந்ததா பூ விழுந்ததா என்றுகூட அவர் பார்க்கவில்லை. இப்போது தெரிய ஆரம்பித்திருந்த ராதிகாவின் நெற்றிக் காயத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிக் காலை வைத்தார்.

எந்த வருஷத்துக் காசு என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

கேட்டுக்கு வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ராதிகா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் ஈரமாக இருந்தது.

ரோட்டுக்கு வந்து டாக்ஸிக்கு நிற்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அவ்வளவும் கொட்டுச்சே. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ம்" என்றாள். வெகுநேரம் கையை விடவில்லை.